குடல் நரம்பு சுண்டுவதற்கு மட்டும்தானா? டபுள் பேஸ் பற்றி ஒரு மறுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா வாத்தியங்களைப் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்ஃபனி அரங்கேறிய பிறகு நம் பத்திரிகைகளில் இந்த மாதிரிக் கட்டுரைகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன, நல்ல விஷயம்தான். அதிலும் வயலின், பியானோவோடு நின்றுவிடாமல், மேடை ஓரத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும், வயலின் குடும்பத்திலேயே பெரிய வாத்தியமான டபுள் பேஸுக்கும் இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த இரண்டு பத்தியைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. முன்பு பூனைக் குடலில் நரம்பு செய்து கட்டினார்களாம், அந்தப் பழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டதாம், இப்போது ஜாஸ் வாசிக்கும் சிலர் மட்டும் விரலால் சுண்டுவதற்காக வைத்திருக்கிறார்களாம், வில் போட்டு வாசிக்க ஸ்டீல் தந்திதான் சரியாம். இதில் ஒன்றுகூட முழுசாக உண்மையில்லை, கடைசியில் சொன்னது தலைகீழ்.

நான் தொழில்முறைக் கலைஞன் இல்லை. ஜெர்மனியில் லைப்சிக் பக்கம் வேறு வேலை பார்த்துக்கொண்டு, மாலை நேரங்களில் ஓர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் பின்வரிசையில் நின்று டபுள் பேஸ் வாசிக்கிறவன். என் வாத்தியத்தின் நான்கு நரம்பில் மேல் இரண்டும் (ஜி, டி) சுத்தமான குடல் நரம்பு, கீழ் இரண்டும் (ஏ, ஈ) குடல் மேல் உலோகக் கம்பி சுற்றியவை. பெரும்பாலும் வில்தான் போடுகிறேன், சுண்டுவது எப்போதாவது நோட்டில் வரும்போது மட்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பூனை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பூனைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. செம்மறி ஆட்டின் சிறுகுடல், அல்லது மாட்டுக் குடலின் மேல் சவ்வு, இந்த இரண்டில்தான் செய்கிறார்கள். நம் வீட்டில் குழம்பு வைக்கிற அதே குடல்தான், இங்கே அதற்குப் போட்டி சாசேஜ் செய்கிறவர்களிடமிருந்து வருகிறது, ஏனென்றால் மெலிந்த சாசேஜுக்கு மேல் உறையும் ஆட்டுக் குடல்தான். அதைக் கழுவி, கொழுப்பையும் தசையையும் சுரண்டி, காரக் கரைசலில் ஊறவைத்து, நீளவாக்கில் பட்டையாகக் கிழித்து, ஈரத்தோடு பல பட்டைகளைச் சேர்த்து முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, கடைசியில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். டபுள் பேஸ் நரம்பு என்றால் தடிமன் அதிகம், நீளமும் அதிகம், அதனால் வயலினுக்குச் செலவாவதைப்போலப் பல மடங்கு குடல் வேண்டும், உள்ளே ஓரிடத்தில் பட்டை சமமாக இல்லாவிட்டாலும் முழு நரம்பும் சுருதி சேராமல் போய்விடும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வில்லுக்கு ஸ்டீல்தான் சரி என்று எழுதியவர் கொஞ்சம் யோசித்திருந்தால் போதும்: ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதப்பட்ட பெரிய இசை எல்லாம் எந்தக் காலத்தில் எழுதப்பட்டது, அப்போது டபுள் பேஸில் என்ன கட்டியிருந்தார்கள்? ஹைடன் 1761இல் எஸ்டர்ஹாஸி அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய காலை, நண்பகல், மாலை என்ற மூன்று சிம்ஃபனிகளிலும் மினுவெட் என்ற நடனப் பகுதியின் நடுவில் டபுள் பேஸுக்குத் தனி வாசிப்பு உண்டு. மோட்சார்ட் தன் கடைசி வருஷமான 1791இல் ஆண் குரலோடு டபுள் பேஸ் சரிக்குச் சரி ஓடுகிற மாதிரி ஒரு பாடலே எழுதினார், கே.612 என்பது அதன் எண், இன்றைக்கும் வாசிக்கிறவர்களுக்கு வேர்த்துவிடும். அந்தக் கால வியன்னா டபுள் பேஸில் ஐந்து நரம்பு, சுருதி கூட்டும் முறையே வேறு, வீணையின் மெட்டு மாதிரி விரல் பலகையில் மெட்டும் உண்டு, அந்த மெட்டும் குடல் நரம்பைச் சுற்றிக் கட்டியதுதான். வெனிஸிலிருந்து 1794இல் லண்டனுக்கு வந்த டிராகொனெட்டி மூன்று நரம்பு வைத்த பேஸ்தான் வாசித்தார், ஐம்பது வருஷத்துக்கும் மேலாக லண்டன் மேடைகளில் அவருக்கு நிகர் இல்லை. பீத்தோவனின் ஐந்தாவது சிம்ஃபனி 1808, ஒன்பதாவது 1824. அந்த ஒன்பதாவதில் கடைசிப் பகுதி தொடங்கும்போது, பாடகர்கள் வாய் திறப்பதற்கு முன்னால், செல்லோவும் டபுள் பேஸும் சேர்ந்து பேசுவதுபோல ஒரு நீண்ட பகுதி வரும் இல்லையா, அது வில் போட்டு வாசிப்பது, வாசித்தது குடல் நரம்பில். பொட்டெசினி, 1871இல் கெய்ரோவில் வெர்டியின் ஐடா முதன்முதலாக அரங்கேறியபோது அதை நடத்தியவர், வயலின் மாதிரி டபுள் பேஸைப் பாடவைத்தவர் என்று பேர் வாங்கியவர், அவர் வைத்திருந்ததும் மூன்று நரம்பு பேஸ்தான், குடல்தான். மாலரின் முதல் சிம்ஃபனியில் மூன்றாவது பகுதி ஒரு தனி டபுள் பேஸோடு தொடங்கும், 1889இல் அந்த சிம்ஃபனி புடாபெஸ்டில் முதலில் அரங்கேறியபோது டபுள் பேஸ்களில் இருந்தது குடல் நரம்புதான். 1913இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலேக்கு ரகளை நடந்ததே, அன்றைக்குக் கீழே குழியில் நின்ற டபுள் பேஸ்களிலும் அதேதான்.

ஸ்டீல் டபுள் பேஸுக்கு வந்தது ரொம்பத் தாமதம். வயலினின் மேல் தந்தியில் முதல் உலகப்போர் சமயத்திலேயே ஸ்டீல் நுழைந்துவிட்டது, ஆனால் டபுள் பேஸ் அளவுக்குத் தடியாக ஒரே ஸ்டீல் கம்பியைப் போட்டால் அது தந்தியாக இருக்காது, கடப்பாரை மாதிரி வளைய மறுக்கும். பல மெல்லிய கம்பிகளைக் கயிறாகத் திரித்து அதன்மேல் சுற்று போடும் முறையை வியன்னாவின் தோமாஸ்டிக் இன்ஃபெல்ட் போன்ற நிறுவனங்கள் நன்றாகச் செய்ய ஆரம்பித்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. 1950களில் அவர்களுடைய ஸ்பைரோகோர் என்ற தந்தி வந்தது, அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள், ஒரே தலைமுறையில் ஆர்கெஸ்ட்ராக்கள் மாறிவிட்டன. ஏன் மாறின என்பதும் புரிகிறது: அறுவதில்லை, சுருதி நிற்கிறது, தந்தியை விரல் பலகைக்கு நெருக்கமாக வைக்கலாம், சத்தம் கூட. ஆனால் சுமார் முன்னூறு வருஷம் வில் போட்டு வாசித்த பொருளை, எழுபது வருஷம் முன்னால் வந்த ஒன்று ஓரங்கட்டியதற்காக, அது வில்லுக்கே ஒத்துவராதது என்று சொல்லலாமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்டீல் கயிற்றுத் தந்தியை இன்றைக்குத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் ஜாஸ் வாசிப்பவர்கள்தான். சுண்டினால் நீண்ட நேரம் நின்று முழங்கும், அது அவர்களுக்கு வேண்டும். அதே ஸ்பைரோகோரை வில் போட்டு வாசிக்கச் சொன்னால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், மேல் இரண்டு தந்தியில் கீச்சென்று ஒரு உலோகச் சத்தம் வரும். சார்லி ஹேடன் போல மேலே குடல் நரம்பு வைத்துச் சுண்டிய பெரிய ஜாஸ் கலைஞர்கள் இருந்தார்கள், அதை மறுக்கவில்லை, ராக்கபில்லி வகையில் நரம்பை இழுத்து அறைந்து வாசிக்கிறவர்களுக்கும் குடல் பிடிக்கும். உங்கள் கட்டுரையாளர் இந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சரி, வில்லுக்கும் குடலுக்கும் அப்படி என்ன பொருத்தம்? இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். 1888இல் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் ஒளிச் சிதறலுக்காக 1930இல் நோபல் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால், கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்துகொண்டு, அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தில் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் அவர் குடைந்துகொண்டிருந்தது வயலின் குடும்பத்து வாத்தியங்களைத்தான். வில் போட்ட தந்தி எப்படி அதிர்கிறது என்று 1918இல் அவர் வெளியிட்ட நீண்ட ஆய்வை இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். வயலினை இயந்திரத்தால் வாசிக்கவைத்து, வில் எவ்வளவு அழுத்தினால் சுரம் நிலைத்து நிற்கும் என்று அளந்தும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, டபுள் பேஸைக் கையில் எடுத்தபிறகுதான் தெரிந்துகொண்டேன், அது வேறு கதை.

விஷயம் இதுதான். ரோசின் என்ற பிசினைப் பூசிய வில்மயிர் தந்தியைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், ஒரு கட்டத்தில் தந்தி வழுக்கித் திரும்பும், மறுபடி மயிர் பிடித்துக்கொள்ளும். டபுள் பேஸின் கீழ் ஈ தந்தியில் இது ஒரு நொடிக்கு ஏறக்குறைய 41 தடவை நடக்கிறது. கண்ணுக்குத் தந்தி பட்டையாக விரிந்து ஆடுவதுபோலத் தெரியும், ஆனால் உண்மையில் ஒரு கூர்மையான மடிப்பு தந்தியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடி ஓடித் திரும்புகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களில் இதைக் கண்டு சொன்னார், அதை முழுக் கணக்காக விரித்தது ராமன். அந்த மடிப்பு எவ்வளவு கூர்மையோ, அடிச்சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேல்சுரங்கள் அவ்வளவு அதிகம், அதாவது ஒலியில் அவ்வளவு பளபளப்பு. ஸ்டீலில் மடிப்பு கூர்மையாக நிற்கும். குடல் தடிப்பானது, உள்ளுக்குள் மிருதுவானது, மடிப்பின் முனையை அது கொஞ்சம் மழுக்கிவிடும், உச்சியில் இருக்கிற மேல்சுரங்களைத் தானே விழுங்கிவிடும். ஆகவே வில் போட்டால் வருகிற ஒலியில் உலோகக் கீச்சு இல்லை, அடிச்சுரம் உருண்டையாக வெளியே வருகிறது. சுண்டும்போது இதே குணம்தான் ஒலியைச் சீக்கிரம் அடக்கிவிடுகிறது. வில்லோ ஒவ்வொரு இழுப்பிலும் தந்திக்கு மேலும் மேலும் சக்தி கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அதனால் தந்தி தானாக எவ்வளவு நேரம் முழங்கும் என்பது வில்லுக்கு முக்கியமே இல்லை, வில்லை எடுத்தபின் அது எவ்வளவு சீக்கிரம் வாயை மூடும் என்பதுதான் முக்கியம்.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்ஃபனியின் மூன்றாவது பகுதியில் நடுவில் செல்லோவும் டபுள் பேஸும் மட்டும் வேகமாக ஓடத் தொடங்கும் இடத்தை யாராவது கேட்டுப் பார்க்கட்டும். பல பழைய பதிவுகளில் அந்த இடம் இடிமுழக்கம் மாதிரி ஒரே திரளாக உருளும், எந்தச் சுரம் எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. குடல் நரம்பு கட்டிய குழு வாசித்தால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் 'க்' என்று ஒரு மெய்யெழுத்து விழும், சுரம் முடிந்ததும் அடுத்ததற்கு இடம் விட்டு ஒதுங்கிவிடும், ஒரு வாக்கியத்தை யாரோ தெளிவாக உச்சரித்த மாதிரி இருக்கும். இந்த 'க்' எங்கிருந்து வருகிறது என்றால், நரம்பின் மேற்பரப்பு ஸ்டீல் அளவுக்கு வழுவழுப்பு இல்லை, மயிர் அதைப் பிடிக்கும்போது ஒரு சின்ன உராய்வுச் சத்தம் கூட வருகிறது. பக்கத்தில் நின்று கேட்டால் அது கரகரப்பு, சில பேருக்குப் பிடிக்காது, ஒலிப்பதிவு அறையில் மைக்கைக் கிட்டே வைக்கிறவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பத்து வரிசை தள்ளி உட்கார்ந்தால் அந்தக் கரகரப்பு காதுக்கு வராது, தெளிவு மட்டும் வரும். எங்கள் ஆர்கெஸ்ட்ராவிலும் ஸ்டீல் கட்டியவர்கள் உண்டு, நல்ல வாசிப்பாளர்கள்தான், ஆனால் அந்தத் தெளிவுக்காக அவர்கள் கையால் செய்கிற வேலை இருக்கிறதே, வில்லை நிறுத்தி, இடது கையால் தந்தியை அடக்கி, அதில் பாதியை என் நரம்பு தானாகவே செய்துவிடுகிறது.

குடல் என்றால் சத்தம் வராது என்றும் ஒரு பேச்சு உண்டு, உங்கள் கட்டுரையில் ஜாடையாக அதுவும் இருந்தது. ஸ்டீல் வாசித்துப் பழகிய கை அதே பலத்தோடு குடலை அழுத்தினால் நரம்பு திணறிக் கீச்சிடும், வாசிப்பவர் உடனே இது தாங்காது, சத்தம் வராது என்று முடிவுகட்டிவிடுவார். அழுத்தத்தைக் குறைத்து வில்லைத் தாராளமாக ஓடவிட்டால் வேறு ஒலி வரும். வாத்தியத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஸ்டீல் உரக்கக் கேட்கும், காரணம் மேல்சுரங்கள் அதிகம். அரங்கத்தின் கடைசி வரிசையில் நிலைமை அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இத்தனை சொல்லிவிட்டு இதன் தொல்லைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை, தொல்லைகள் நிறைய. முதலில் தடிமன். ஜி நரம்பு சுத்தக் குடலில் 2 மில்லிமீட்டர் பக்கம், டி கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். ஸ்டீலில் அதே ஜி ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கீழே போகப் போக இன்னும் மோசம், ஈ நரம்பை வெறும் குடலில் செய்தால் 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், வில் போட்டால் யோசித்து யோசித்துத்தான் பேசத் தொடங்கும். அதனால்தான் பழைய காலத்திலேயே கீழ் நரம்புகளில் தாமிரக் கம்பியோ வெள்ளிக் கம்பியோ சுற்றிக் கனத்தை ஏற்றினார்கள், இந்தச் சுற்றும் உத்தியே 17ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்ததுதான். என் கணக்கில் ஏ, ஈ இரண்டையும் சுற்றியதாக வைத்துக்கொள்வதில் எந்த வெட்கமும் வேண்டாம், நான்கும் வெறும் குடலாக இருந்தால்தான் அசல் என்று பேசுகிற சில சுத்தவாதிகளோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

அடுத்தது ஈரப்பதம். குடல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், கக்கும், அதோடு சுருதியும் ஆடும். இங்கே குளிர்காலத்தில் அரங்கத்தில் ஹீட்டர் போட்டால் காற்று உலர்ந்துவிடும், ஆட்கள் உட்கார்ந்து மூச்சு விட விட மறுபடி ஈரம் ஏறும், முதல் பகுதிக்கும் இரண்டாவது பகுதிக்கும் நடுவில் சத்தமில்லாமல் சுருதியைச் சரிசெய்யப் பழக வேண்டும். புதிதாகக் கட்டிய நரம்பு நிலைத்து நிற்கவும் சில நாள் பிடிக்கும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பல ஆர்கெஸ்ட்ராக்கள் ஏ சுரத்தை நொடிக்கு 440 அதிர்வுக்கு மேலே, 443 வரைக்கும் வைத்துச் சுருதி கூட்டுகின்றன, பழைய இசைக் குழுக்கள் 415இல் வைக்கின்றன, மேலே போகப் போக மேல் நரம்பு சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

அப்புறம் நார் பிரிவது. வில் படுகிற இடத்திலும் விரல் படுகிற இடத்திலும் மெல்லிய நார் எழுந்து நிற்கும். அதைப் பிடித்து இழுத்தால் அவ்வளவுதான், நரம்பின் நீளத்துக்கும் உரிந்துகொண்டு வரும். நகவெட்டியால் அடியோடு நறுக்கிவிட வேண்டும், வாதாம் எண்ணெயோ வால்நட் எண்ணெயோ துளி தொட்டுத் தடவித் துடைத்துவிட வேண்டும், வில் படுகிற இடத்தில் மட்டும் எண்ணெய் படவே கூடாது. கை வேர்க்கிறவர்களுக்கு ஆயுள் இன்னும் குறைவு. விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், நல்ல செட் பல நூறு யூரோ, ஸ்டீல் செட்டைவிட நிச்சயமாக அதிகம்.

வாத்தியத்தையும் இதற்கென்று தயார் செய்ய வேண்டும். தந்தியைத் தாங்குகிற குதிரை என்ற மரத்துண்டிலும் மேலே விரல் பலகை முனையிலும் உள்ள பள்ளங்கள் ஸ்டீலுக்கு வெட்டியதாக இருந்தால் குடல் உட்காராது, அகலமாக்கி, ஓரத்தை உருட்டி, பென்சில் கரியைத் தேய்த்து வழுக்கவிட வேண்டும். எனக்கு ஒரு பழுது பார்க்கும் கடையில் பள்ளத்தை அகலமாக்கினார்கள், ஆனால் ஓரத்தைக் கத்தி மாதிரி விட்டுவிட்டார்கள், புது டி நரம்பு கட்டிய சில நாளிலேயே சரியாக அந்த இடத்தில் அறுந்தது. கேட்டால் நரம்பு மட்டமானது என்றார்கள். இன்னொருவரிடம் கொண்டுபோய் ஓரத்தைத் தேய்த்தபிறகு அதே வகை நரம்பு நிம்மதியாக இருக்கிறது. ஒருமுறை பள்ளத்தை அகலமாக்கிவிட்டால் திரும்ப ஸ்டீல் கட்டும்போது அது ஆடி இரையும், இதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பழக்கம் ஒழிந்துவிட்டது என்று எழுதியதற்கு வருகிறேன். வியன்னாவில் 1953இல் ஹார்னோன்கோர்ட் தொடங்கிய கான்சென்டுஸ் மூசிகுஸ், இங்கிலாந்தில் 1973இல் வந்த அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக், 1986இல் வந்த ஆர்கெஸ்ட்ரா ஆஃப் தி ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட், எல்லாம் குடல் நரம்பில்தான் வாசிக்கின்றன. இவை ஏதோ பழங்காலக் கண்காட்சி இல்லை, உலகம் சுற்றி டிக்கெட் விற்கிற குழுக்கள். பிரான்சில் 2003இல் ஆரம்பித்த லே சியெக்ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு இசையையும் அது எழுதப்பட்ட காலத்து வாத்தியத்திலேயே வாசிக்கிறது, டெபுஸ்ஸி, ராவெல், ஸ்ட்ராவின்ஸ்கி வரைக்கும். குடல் நரம்பு என்றால் இசையமைப்பாளர் பாக் காலத்தோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் அவர்களுடைய ஸ்ட்ராவின்ஸ்கியைக் கேட்டுவிட்டுப் பேசட்டும், அதில் முரட்டுத்தனத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஃபிராங்ஃபர்ட் பக்கத்தில் ஓஃபன்பாக்கில் இருக்கிற பிராஸ்ட்ரோ நிறுவனம் ஸ்டீலும் செய்கிறது, செயற்கை இழையும் செய்கிறது, இருந்தும் ஓலிவ், யூடோக்ஸா, கோர்டா என்று குடல் வகைகளை இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. வாங்க ஆளில்லாமலா விற்பார்கள்? வழக்கமான பெரிய சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராக்களில் ஸ்டீல்தான் பெரும்பான்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். வேலைக்கான தேர்வுக்குப் போகிற இளைஞனிடம் குடல் கட்டிக்கொண்டு போ என்று நானும் சொல்லமாட்டேன், தேர்வுக் குழு கேட்டுப் பழகிய ஒலி வேறு.

உயிரைக் கொன்று இசையா என்று சில வாசகர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் தோல் எங்கிருந்து வருகிறது என்பது நம் சபாக்களிலேயே பேசப்பட்ட விஷயம், அதற்கு ஒரு பதில் வைத்திருப்பவர் இதற்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். குடல் என்பது இறைச்சிக்காக அறுத்த ஆட்டில் மிஞ்சியது, இதற்கென்று யாரும் ஆடு வளர்ப்பதில்லை, அது உண்மை, ஆனால் அதுவே எல்லோருக்கும் சமாதானம் ஆகிவிடாது. வேண்டாம் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. இத்தாலியின் அக்கீலா நிறுவனம் குடல் மாதிரியே ஒலிக்கிற செயற்கை இழை செய்கிறது, டபுள் பேஸில் செயற்கை இழை மேல் சுற்றிய தந்திகளும் பல வந்துவிட்டன, வில்லுக்கு அவை ஸ்டீலைவிட மிருது. மேட் கவ் நோய்ப் பயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டு இறுதியில் மாட்டுக் குடலுக்குத் தடை போட்டபோது நரம்பு செய்கிறவர்கள் பட்ட பாடு பெரிது, ஒரு சாராருக்கு ஆட்டுக் குடல் மட்டுமே கதி என்றாகிவிட்டது, செயற்கை இழைக்கு மவுசு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கட்டுரையின் முடிவில் சென்னையில் டபுள் பேஸ் கற்கிற பிள்ளைகளுக்கு, குடல் நரம்பு பக்கமே போகாதீர்கள், காசுக்குக் கேடு என்று ஒரு அறிவுரை இருந்தது. அதைப் படித்துவிட்டு யாராவது ஒரு பிள்ளை இதைத் தொடாமலே போய்விடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். நாலு நரம்பையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். கீழ் இரண்டும் ஸ்டீலாகவே இருக்கட்டும், மேலே ஜி, டி இரண்டுக்கு மட்டும் குடல் மேல் உலோகம் சுற்றிய வகையை வாங்குங்கள், அதன் தடிமன் வெறும் குடலைவிடக் குறைவு, பள்ளத்தை அதிகம் வெட்ட வேண்டியிருக்காது, கடற்கரை ஈரத்துக்கும் ஓரளவு தாங்கும். ஏசி ஸ்டூடியோவுக்குள் கொண்டுபோனால் உடனே சுருதி கூட்டாதீர்கள், வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா நிறுத்தி வையுங்கள். ரோசினைப் பாதியாகக் குறையுங்கள், ஒட்டுகிற ரோசினை அப்பிக்கொண்டு போட்டால் நரம்பில் திப்பி திப்பியாக நிற்கும். முதல் வாரம் மெதுவான நீண்ட சுரங்கள் மட்டும் வாசியுங்கள், வேகமானதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஆசிரியர் வேண்டாம் என்றால் அவரிடமே ஏன் என்று கேளுங்கள், அவர் குடலில் வில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாரா என்பதையும் மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

பூனை விஷயத்துக்காவது அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பின்வரிசை வாசகன்,
லைப்சிக், ஜெர்மனி